கவசமும் காயமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்ற இதழில் ரோல்பிளே விளையாட்டுகளுக்குச் சண்டை விதி எழுதுகிறவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பகுதி கவசத்தைப் பற்றியே பேசுகின்றன. அதனால் இந்த முறை வேறு எதையும் தொடவில்லை.

புதிதாகப் படிப்பவர்களுக்கு இரண்டு வரி. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஒருவர் கேம் மாஸ்டராகக் கதையின் உலகத்தை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசியும் பகடை உருட்டியும் ஆடும் விளையாட்டு இது. டி6 என்றால் ஆறு முகப் பகடை, டி20 என்றால் இருபது முகப் பகடை, 2டி6 என்றால் ஆறு முகப் பகடை இரண்டை உருட்டிக் கூட்டுவது. அடி பட்டால் உயிர்ப்புள்ளி குறையும்; தீர்ந்தால் பாத்திரம் விழும்.

கேள்வி: கவசம் போட்டவரை அடிப்பதே கடினம் என்று ஒரு விதிநூல் சொல்கிறது. அடி விழும், ஆனால் சேதம் குறையும் என்று இன்னொன்று சொல்கிறது. சொந்தமாக விதி எழுதுகிறேன். எந்த வழியைப் பிடிப்பது?

இரண்டுமே நல்ல வழிகள்தான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. உங்கள் விளையாட்டில் கவசம் இல்லாத ஒரு வீரன் எத்தனை வீச்சில் விழ வேண்டும்? கவசம் போட்டால் எத்தனை வீச்சு தாங்க வேண்டும்? இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதும் ஒவ்வொரு விதியும் அந்தத் தாளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

முதல் வழிக்கு வயது அதிகம். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டைக் கொண்டுவந்தபோதே, அடி படுவது எவ்வளவு கடினம் என்று கவசத்தைப் பொறுத்துச் சொல்லும் எண்ணான 'ஆர்மர் கிளாஸ்' அதில் இருந்தது. அந்த யோசனை கடற்போர் விளையாட்டு விதிகளிலிருந்து வந்தது என்று ஆர்னசன் சொல்லியிருக்கிறார். இரும்புத் தகடு போர்த்திய கப்பலை நினைத்துப் பாருங்கள். குண்டு துளைத்தால் துளைத்தது, தெறித்தால் தெறித்தது. மனிதனுக்கும் அதே கணக்கைப் போட்டால் ஆர்மர் கிளாஸ் கிடைத்துவிடும். 1978-ல் வந்த 'ரூன்குவெஸ்ட்' இரண்டாவது வழியில் போனது. அங்கே அடி படுவது வேறு, கவசம் தடுப்பது வேறு. பட்ட சேதத்திலிருந்து கவசத்தின் எண்ணைக் கழிக்க வேண்டும்.

இப்போது கணக்குக்கு வருவோம். வீரனுக்கு 12 உயிர்ப்புள்ளி, எதிரியின் வாளுக்கு டி8 சேதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கவசம் இல்லாதபோது எதிரி டி20-ல் 9 அல்லது அதற்கு மேல் உருட்டினால் அடி படும். அதாவது 60 சதவீத வாய்ப்பு. டி8-ன் சராசரி 4.5. ஆகவே ஒரு வீச்சுக்குச் சராசரியாக 2.7 புள்ளி போகும். வீரன் நாலைந்து வீச்சில் விழுவான். சங்கிலிக் கவசம் போட்டால் இதைப் போல் இரு மடங்கு, ஏறத்தாழ ஒன்பது வீச்சு தாங்க வேண்டும் என்பது உங்கள் விருப்பம்.

முதல் வழியில், எதிரிக்கு 15 தேவை என்று உயர்த்திவிட்டால் போதும். வாய்ப்பு 30 சதவீதமாகப் பாதியாகிறது; வீரன் ஒன்பது வீச்சு நிற்பான். இரண்டாம் வழியில் 60 சதவீதத்தை அப்படியே வைத்து, ஒவ்வொரு அடியிலிருந்தும் 2 கழித்தால் சுமார் எட்டு வீச்சு, 3 கழித்தால் சுமார் பதினொன்று. எப்படிப் போனாலும் ஒன்பதுக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கிறோம்.

ஆனால் மேசையில் இந்த இரண்டு சண்டைகளும் ஒரே மாதிரி இருக்காது. முதல் வழியில் எதிரியின் வீச்சுகளில் பெரும்பாலானவை வீண். 'தவறியது, தவறியது' என்று போய்க்கொண்டே இருக்கும். திடீரென்று ஒரு 8 விழும். படுகிற அடி முழு அடியாகவே படுவதால், இரண்டே அடியில் 12 புள்ளியும் தீர்ந்துபோக ஏறக்குறைய நான்கில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஆடுபவர் நம்பிக்கைக்கும் பயத்துக்கும் நடுவில் ஊசலாடுவார். இரண்டாம் வழியில் 3 கழிக்கும்போது ஓர் அடிக்கு அதிகபட்சம் 5 புள்ளிதான் போகும். மூன்றாவது அடி படும்வரை அவர் விழவே முடியாது. அது அவருக்கும் தெரியும். அதனால் 'இன்னொரு சுற்று நிற்கலாம், பிறகு பின்வாங்கலாம்' என்று அவரால் திட்டமிட முடியும். எதிர்பாராத மரணம் உங்கள் கதைக்கு வேண்டுமா, திட்டமிட்ட துணிச்சல் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். நான் நடத்தும் மேசைகளில் இரண்டாம் வழியையே அதிகம் விரும்புகிறேன். அதன் சங்கடம் அடுத்த கேள்வியில் வருகிறது.

கேள்வி: என் விதியில் சங்கிலிக் கவசம் 3 சேதத்தைத் தடுக்கும். குறுவாளுக்கு டி4 சேதம். நண்பர் ஒருவர் திருடன் பாத்திரம் ஆடுகிறார். காவலர்களை அவரால் எதுவுமே செய்ய முடியவில்லை. கவசத்தைக் குறைக்கவா, குறுவாளைக் கூட்டவா?

இரண்டையும் தொடாதீர்கள். உங்கள் எண்களில் பெரிய குற்றமில்லை. அவருக்கு மாற்று வழி கொடுக்காததுதான் குறை.

கழித்தல் முறையின் இயல்பு இது. டி4-ன் சராசரி 2.5. அதிலிருந்து 3 கழித்தால், 4 விழும்போது மட்டும் ஒரு புள்ளி போகும், சராசரி 0.25. பத்தில் ஒரு பங்காகிவிட்டது. இதே கவசத்தை ஒரு பூதம் 2டி6 சேதத்தோடு அடித்தால் சராசரி 7-லிருந்து 4-க்குத்தான் இறங்குகிறது. அடியில் பாதிக்கு மேல் உள்ளே போகிறது. ஆர்மர் கிளாஸ் முறையில் இப்படி நடக்காது. வாய்ப்பைப் பாதியாக்கினால் குறுவாளுக்கும் பாதி, பூதத்துக்கும் பாதி. ஆக, கழித்தல் முறையைத் தேர்ந்தெடுத்தவுடனேயே 'சிறிய ஆயுதம் கவசத்துக்கு முன்னால் செல்லாது' என்று உங்கள் உலகத்தைப் பற்றி ஒரு முடிவைச் சொல்லிவிட்டீர்கள். அந்த முடிவு நியாயமானதுதான். சங்கிலி வளையங்களின் மேல் குறுவாளால் கீறினால் ஒன்றும் ஆகாது.

அப்படியானால் குறுவாள் எதற்கு? ஐரோப்பிய மத்திய காலத்தின் பிற்பகுதியில் முழுத் தகட்டுக் கவசம் போட்டவர்களே இடுப்பில் குத்துவாள் வைத்திருந்தார்கள். எதிரியைப் பிடித்து, மடக்கி, தரையில் தள்ளி, அக்குளிலோ முகமூடியின் கண் துளையிலோ குத்துவதற்குத்தான் அது. இதை அப்படியே விதியாக்குங்கள்: எதிரியைப் பிடித்துவிட்டால், அல்லது அவர் உங்களைக் கவனிக்காத நிலையில், குறுவாளுக்குக் கவசம் கிடையாது. ஒரே ஒரு வரிதான். அந்த வரி வந்த பிறகு திருடனை ஆடுபவர் நேருக்கு நேர் டி4 உருட்டிக்கொண்டு நிற்கமாட்டார். விளக்கை அணைப்பார், பின்னால் போவார், நண்பனிடம் 'நீ அவன் கையைப் பிடி' என்பார். உங்கள் காவலரின் கவசம் அப்போதுதான் கதைக்குள் வருகிறது.

'குறைந்தது ஒரு புள்ளி சேதம் நிச்சயம்' என்ற விதியைப் பலரும் போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பத்து எலிகள் கடித்தால் இரும்பு மனிதன் பத்துப் புள்ளி இழப்பான் என்றாகிவிடும்.

எண்ணிலேயே நெகிழ்வு வேண்டுமென்றால் கவசத்தையும் பகடையாக்கலாம். 2020-ல் வந்த 'மோர்க் போர்க்' லேசான கவசத்துக்கு டி2, நடுத்தரத்துக்கு டி4, கனமானதற்கு டி6 என்று உருட்டிக் கழிக்கச் சொல்கிறது. டி6 சேதத்துக்கு எதிராக டி4 கவசம் என்றால், 24 விதமான விளைவுகளில் பத்தில் சேதம் பூஜ்யம். கவசம் நம்பத் தகுந்தது, ஆனால் உத்தரவாதமில்லை. அடிபட்டவர் தானே ஒரு பகடை உருட்டுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. தன் உயிர் தன் கையில் இருப்பதுபோல் அவருக்குத் தோன்றும். அந்தப் பகடையை உள்ளங்கையில் வைத்துக் குலுக்கும்போது மேசையே அமைதியாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். விலை என்னவென்றால் ஒவ்வோர் அடிக்கும் கூடுதலாக ஓர் உருட்டல், கூடுதலாக ஒரு கழித்தல்.

கேள்வி: பதினேழு வகைக் கவசங்களின் பட்டியல் தயாரித்திருக்கிறேன். போதுமா?

அளவுக்கு மீறி இருக்கிறது. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது ஆடுபவரின் நடத்தை மாற வேண்டும். மாறவில்லையென்றால் இரண்டையும் சேர்த்துவிடுங்கள். கவசமின்மை, லேசு, நடுத்தரம், கனம், தனியாகக் கேடயம்: பெரும்பாலான விளையாட்டுகளுக்கு இது போதும். 1980-ல் வந்த 'ஆர்ம்ஸ் லா' இருபது வகைக் கவசம் வைத்தது உண்மை. ஆனால் ஒவ்வோர் ஆயுதத்துக்கும் ஒரு பக்க அட்டவணை போட்டு, அந்த இருபதும் இருபது விதமாக நடந்துகொள்ளும்படி செய்தார்கள். கனத்த கவசத்தில் சிறு அடிகள் அடிக்கடி படும், கொடுங்காயம் அரிதாகவே படும் என்ற நுட்பம் அதில் இருந்தது. அவ்வளவு உழைப்புக்கும், ஆடும்போது அவ்வளவு பக்கம் புரட்டுவதற்கும் நீங்கள் தயாரென்றால் பதினேழையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தலை, கை, கால் என்று உடல் பகுதி பிரித்துக் கவசம் தரலாமா? எதார்த்தமாக இருக்குமே?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு இழுத்துப்போகிறது. 1361-ல் காட்லாந்து தீவின் விஸ்பி நகருக்கு வெளியே, டென்மார்க் அரசர் வால்டெமாரின் படைக்கும் தீவின் குடியானவர்களுக்கும் சண்டை நடந்தது. இறந்தவர்களில் பலரைக் கவசத்தோடேயே குழிகளில் புதைத்துவிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டில் அந்தக் குழிகளைத் தோண்டியபோது வெட்டுப்பட்ட எலும்புகளில் கால் எலும்புகள் ஏராளமாக இருந்தன. இன்னொரு பக்கம், 1461-ல் இங்கிலாந்தின் டௌட்டன் போரில் இறந்தவர்களின் குழி ஒன்று 1996-ல் கிடைத்தது. அங்கே மண்டையோடுகளில்தான் காயங்கள் குவிந்திருந்தன.

விதி எழுதுகிறவருக்கு இதில் பெரிய பாடம் இருக்கிறது. அடி எங்கே விழும் என்பதைச் சும்மா ஒரு பகடை தீர்மானிப்பதில்லை. எது மூடியிருக்கிறது, எது திறந்திருக்கிறது, எதிராளி எங்கே நிற்கிறான் என்பதுதான் தீர்மானிக்கிறது. உடம்பைக் கவசமும் கேடயமும் மறைத்தால் வாள் காலைத் தேடும். தலைக்கவசம் கழன்றுவிட்டால், அல்லது ஓடுகிறவனைத் துரத்தினால், தலையைத் தேடும்.

'ரூன்குவெஸ்ட்' டி20 உருட்டிப் பகுதியைத் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் தனி உயிர்ப்புள்ளி, தனிக் கவச எண். அதை ஆடிப் பார்த்தால் ஒரு காயத்துக்கு எவ்வளவு கனம் உண்டு என்பது விளங்கும். 'ஏழு புள்ளி போனது' என்பதைவிட 'இடது கால் போனது, நிற்க முடியவில்லை' என்பது ஆடுபவரை உலுக்கும். ஆனால் நாலு பேர் எட்டு எதிரிகளோடு மோதினால் பன்னிரண்டு உடம்புகளுக்கும் பகுதிவாரியாகக் கணக்கு வைக்க வேண்டியிருக்கும். பேச்சு நின்று எழுத்துவேலை தொடங்கிவிடும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். ஒவ்வொரு கவசத்துக்கும் பக்கத்தில் அது மூடாத இடத்தை இரண்டு மூன்று சொல்லில் எழுதிவைப்பேன். 'சங்கிலிச் சட்டை: முகமும் முழங்காலுக்குக் கீழும் திறந்தது.' 'தகட்டுக் கவசம்: அக்குள், தொடையின் பின்புறம், கண் துளை.' திறந்த இடத்தைக் குறிவைக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அடி படுவது கடினமாகும். முதலில் சொன்ன வாளுக்கு 9-க்குப் பதில் 14 தேவைப்படும். பட்டுவிட்டால் கவசத்தைக் கழிக்கமாட்டோம். சாதாரண அடிகளுக்குப் பகுதியே கேட்பதில்லை. பகுதி என்பது ஆடுபவர் தானாகத் தேர்ந்தெடுக்கும் துணிச்சலாக மாறுகிறது. கணக்குப் புத்தகமும் தேவையில்லை.

கேள்வி: கனத்த கவசம் போட்டவர் குதிரையில் ஏறவே ஆள் வேண்டும் என்பார்களே. நகர்வதற்கு எவ்வளவு தண்டனை கொடுக்க வேண்டும்?

அது கட்டுக்கதை. உடம்புக்கு அளவெடுத்துச் செய்த முழுத் தகட்டுக் கவசம் பொதுவாக 20 முதல் 25 கிலோ. எடை தோளில் மட்டும் தொங்காமல் கை, கால், இடுப்பு என்று பரவியிருக்கும். பிரெஞ்சுத் தளபதி பூசிகோ தலைக்கவசம் தவிர மற்ற எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு குட்டிக்கரணம் அடிப்பார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு பதிவு செய்திருக்கிறது. ஆகவே 'வேகம் பாதி, சுறுசுறுப்பு மைனஸ் ஐந்து' என்று எழுதாதீர்கள்.

கவசம் வாங்கும் விலை மூச்சு. 2011-ல் வெளியான ஓர் ஆய்வில் கவசம் அணிந்தவர்களை டிரெட்மில்லில் நடக்கவும் ஓடவும் விட்டு, செலவான ஆற்றலை அளந்தார்கள். கவசம் இல்லாதபோது ஆவதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு ஆனது. காலில் மாட்டிய எடையை ஒவ்வோர் அடிக்கும் தூக்கிப் போட வேண்டியிருப்பது ஒரு காரணம். மார்புத் தகடு ஆழமாக மூச்செடுக்க விடாதது இன்னொன்று. கவசக்காரர் முதல் நிமிடத்தில் புலி. ஐந்தாவது நிமிடத்தில் வாய் திறந்து நிற்கிறார்.

இதை மேசையில் காட்ட என்னிடம் ஓர் எளிய ஏற்பாடு உண்டு. சண்டை தொடங்கும்போது ஒவ்வொருவர் முன்னாலும் நாணயங்கள் வைப்பேன். லேசான கவசத்துக்கு எட்டு, கனமானதற்கு நாலு. ஓடினாலும், ஏறினாலும், முழு வலுவையும் போட்டு ஆயுதம் வீசினாலும் ஒன்றைக் கேம் மாஸ்டர் பக்கம் தள்ள வேண்டும். ஒரு சுற்று எதுவும் செய்யாமல் நின்றால் ஒன்று திரும்பி வரும். நாணயம் தீர்ந்தவர் நடக்கலாம், தடுக்கலாம், வேகமாக எதுவும் செய்ய முடியாது. தாளில் எழுதிய மைனஸ் மூன்றை ஆடுபவர்கள் மறந்துவிடுவார்கள். கண்ணெதிரே குறைந்துகொண்டு வரும் நாணயங்களை மறக்கமாட்டார்கள். கனத்த கவசக்காரரை ஆடுபவர் மூன்றாவது நாணயத்தைத் தள்ளும்போது கை தயங்குவதைப் பாருங்கள். அந்தத் தயக்கத்துக்காகவே இந்த விதியை வைத்திருக்கிறேன்.

சண்டைக்கு வெளியேயும் கவசத்துக்கு விலை வையுங்கள். போட்டுக்கொள்ள உதவியும் நேரமும் வேண்டும், போட்டபடி தூங்கினால் களைப்பு தீராது, நீந்த முடியாது, பதுங்கி நடந்தால் சத்தம் கேட்கும், விருந்துக்குப் போட்டுக்கொண்டு போனால் வீட்டுக்காரர் சந்தேகப்படுவார். எண் எதுவும் எழுதாமலேயே இவையெல்லாம் வேலை செய்யும்.

கேள்வி: தகட்டுக்குக் கதாயுதம், துணிக்கு வாள் என்று ஆயுதத்துக்கும் கவசத்துக்கும் பொருத்தம் பார்க்கும் அட்டவணை போடலாமா?

போடலாம், ஆனால் யாரும் பார்க்கமாட்டார்கள். 1978-ன் 'அட்வான்ஸ்டு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் அப்படி ஓர் அட்டவணை உண்டு. மிகப் பல மேசைகள் அதை ஒதுக்கிவிட்டே ஆடின. ஒவ்வொரு வீச்சுக்கும் அட்டவணையைத் தேடினால் சண்டையின் சூடு ஆறிவிடும்.

விஷயம் மட்டும் முக்கியமானது. வாளின் விளிம்பு தகட்டை வெட்டாது. தகட்டுக் கவசம் பரவிய காலத்தில் சம்மட்டி, கதை, நீண்ட பிடியுள்ள போர்க்கோடரி எல்லாம் மேலோங்கின. வாள்காரர்களும் வாளின் நடுப்பகுதியை ஒரு கையால் பிடித்து, ஈட்டிபோல் இடுக்குகளில் குத்தப் பழகினார்கள். இதை அட்டவணையில் போடாமல் ஆயுதத்தின் பெயரோடேயே ஒட்டிவிடுங்கள். ஸ்டீவ் ஜாக்சனின் 'கர்ப்ஸ்' 1986-லிருந்து இதை அழகாகச் செய்கிறது. முதலில் கவசத்தைக் கழிக்க வேண்டும். உள்ளே போனது வெட்டென்றால் ஒன்றரை மடங்கு, குத்தென்றால் இரு மடங்கு, மழுங்கிய அடியென்றால் அப்படியே. வெறும் உடம்பில் வாள் பயங்கரம், கவசத்தின் மேல் சாதாரணம் என்ற உண்மை அட்டவணை இல்லாமலேயே வந்துவிடுகிறது. பெருக்கல் பிடிக்காத மேசை என்றால் 'சம்மட்டி: கவசத்தில் 2 குறைத்துக் கழிக்கவும்' என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது.

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவர் கவசம், கேடயம், மந்திர மோதிரம் எல்லாம் சேர்த்து, எதிரிகள் டி20-ல் 20 உருட்டினால் மட்டுமே அடி படும் நிலைக்கு வந்துவிட்டார். மற்றவர்கள் சலித்துப்போகிறார்கள்.

ஆர்மர் கிளாஸின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே மதிப்பு என்று நினைப்பதால் வரும் வினை இது. எதிரிக்கு 9 தேவைப்படும் இடத்தில் ஒரு புள்ளி கூட்டினால் சேதம் பன்னிரண்டில் ஒரு பங்குதான் குறையும். 19 தேவைப்படும் இடத்தில் அதே ஒரு புள்ளி சேதத்தைச் சரிபாதியாக்கும். மேலே போகப் போக ஒவ்வொரு புள்ளியும் பொன். ஆகவே உச்சவரம்பு கட்டாயம். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் 2014-ன் ஐந்தாம் பதிப்பில் தகட்டுக் கவசத்துக்கு ஆர்மர் கிளாஸ் 18, கேடயம் சேர்த்தால் 20. மந்திரப் பொருள்களை அந்தப் பதிப்பு கொஞ்சமாகவே கூட்டவிடுகிறது. நீங்களும் 'ஒரே வகைக் கூடுதல்களில் பெரியது மட்டும் செல்லும்' என்று எழுதுங்கள்.

நடந்துகொண்டிருக்கும் கதையில் அவருடைய மோதிரத்தைப் பிடுங்காதீர்கள். சேர்த்துவைத்தது அவருடைய உழைப்பு. வாளால் தீராத ஆபத்துகளைக் கொண்டுவாருங்கள்: புகை, பள்ளம், வலை, வெள்ளம். அவரைத் தாண்டி அவர் காப்பாற்ற வேண்டியவர்களை எதிரிகள் தாக்கட்டும். அசைக்க முடியாத வீரன் மூன்று பேரில் யார் முன்னால் போய் நிற்பது என்று திகைக்கும்போது சண்டை மறுபடி எல்லாருடையதும் ஆகும்.

கேள்வி: கவசம் தேய்ந்து உடைய வேண்டாமா?

உடைய வேண்டும், ஆனால் கணக்கு குறைவாக இருக்க வேண்டும். 'சைபர்பங்க் 2020' விளையாட்டில் ஒவ்வொரு முறை கவசம் துளைக்கப்படும்போதும் அந்த இடத்தில் அதன் எண் ஒன்று குறையும். துப்பாக்கிச் சண்டைக்கு அது நன்றாகப் பொருந்துகிறது, ஏனென்றால் அங்கே சண்டைகள் குறைவு, குண்டு ஒவ்வொன்றும் பெரிய விஷயம். வாள் சண்டைக்கு நான் பரிந்துரைப்பது கேடயத்தைப் பலிகொடுக்கும் விதியை. ஓர் அடியை முழுவதுமாக ரத்து செய்யலாம், கேடயம் பிளந்துபோகும். பல மேசைகளில் வழங்கும் பழைய ஏற்பாடு இது. ஆடுபவரிடம் 'பதினோரு புள்ளி. வாங்கிக்கொள்கிறாயா, கேடயத்தைக் கொடுக்கிறாயா?' என்று கேளுங்கள். அவர் பாத்திரத் தாளில் கேடயம் என்ற சொல்லைப் பென்சிலால் அடிக்கும் அந்த நொடிக்கு நூறு கழித்தல் கணக்கு ஈடாகாது.

கேள்வி: விதியை எழுதி முடித்துவிட்டேன். சரிபார்ப்பது எப்படி?

சுவரில் ஒட்டிய தாளை எடுங்கள். கவசமில்லாதவருக்கும் கவசக்காரருக்கும் தனியாக உட்கார்ந்து இருபது சண்டை உருட்டி, எத்தனை வீச்சில் விழுந்தார்கள் என்று குறியுங்கள். சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். மிகச் சீக்கிரம் முடிந்த சண்டையையும் மிக நீண்ட சண்டையையும் பாருங்கள். இருபதில் ஒன்று முப்பது வீச்சுவரை இழுத்தால், அந்த ஒன்று உங்கள் கதையின் முக்கியமான இரவில் நடக்கும் என்று வைத்துக்கொண்டு திருத்துங்கள். மிகச் சிறிய ஆயுதம், மிகப் பெரிய கவசம். மிகப் பெரிய ஆயுதம், வெறும் உடம்பு: இந்த இரண்டு ஓரங்களையும் தவறாமல் உருட்டிப் பாருங்கள். விதிகள் ஓரங்களில்தான் கிழியும்.

அடுத்து, விதியை உங்களிடம் கேட்டிராத ஒருவர் கையில் தாளைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் வாய் திறக்காமல் உட்காருங்கள். அவர் எந்த வரியில் நின்று திரும்பப் படிக்கிறார், எந்தக் கழித்தலை மறக்கிறார், எதை உங்களிடம் கேட்க நிமிர்கிறார் என்று கவனித்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஒரே படியை மறந்தால் அவர்களைத் திருத்த முயலாதீர்கள், அந்தப் படியை நீக்குங்கள்.

கேள்வி: எட்டு வயதுப் பிள்ளைகளோடு ஆட வேண்டும். ஆறு முகப் பகடை மட்டுமே இருக்கிறது. சுருக்கமாக ஒரு கவச விதி கொடுங்கள்.

அடி படுமா என்று உருட்டவே வேண்டாம். கிறிஸ் மெக்டௌவலின் 'இன்டு தி ஆட்' பெரியவர்களுக்கே அப்படித்தான் செய்கிறது. வீசினால் பட்டதுதான், சேதம் மட்டும் உருட்டு, கவசத்தைக் கழி. பிள்ளைகளுக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: ஆளுக்கு 10 உயிர்ப்புள்ளி. எந்த ஆயுதமும் ஒரு பகடை. தோல் கவசம் 1, இரும்புக் கவசம் 2 கழிக்கும். கழித்த பிறகு ஓர் அடிக்குச் சராசரி 3.5 புள்ளி, 2.5 புள்ளி, 1.7 புள்ளி என்று வரும். வெறும் உடம்பு மூன்று அடி, தோல் நாலு, இரும்பு ஆறு தாங்கும். இரும்பு போட்டவர் எப்போதும் கடைசியாக ஆட வேண்டும். கேடயம் வைத்திருப்பவர் பக்கத்தில் நிற்கும் நண்பன் மேல் விழுந்த ஓர் அடியை ஒரு சண்டைக்கு ஒரு முறை தன் மேல் வாங்கிக்கொள்ளலாம். கேடயத்துக்குப் பிள்ளைகள் சண்டை போடுவார்கள், இரண்டு எழுதிவையுங்கள்.